நெமானிய மரபின் வீழ்ச்சியும் நாட்டுப்பாடலின் தீர்ப்பும்

ஐரோப்பாவின் தென்கிழக்கே, பால்கன் மலைநாட்டில் உள்ளது செர்பியா. அந்நாட்டை 1166ஆம் ஆண்டளவில் தொடங்கி 1371 வரை, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், ஒரே குடும்பத்தினர் ஆண்டனர். முதல்வராகிய நெமானியாவின் பெயரால் அக்குடும்பம் நெமானிய மரபு என வழங்குகிறது. மலைநாட்டுத் தலைவராய்த் தொடங்கிய அம்மரபினர் மன்னராயினர், பேரரசராயினர், இறுதியில் ஆட்சியும் இழந்து, அரியணைக்கு வழித்தோன்றலும் இன்றி மறைந்தனர்.

அவர்தம் ஏற்றத்தை எழுதியவர்கள் துறவிகளும் அரச குடும்பத்தாரும். வீழ்ச்சியைப் பாடியவர்களோ ஏடு அறியாத நாட்டுப் பாடகர்கள். இவ்விரு வகை இலக்கியத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பார்க்கு ஒரு கேள்வி எழாமற் போகாது. அத்துணைப் பெரிய ஆட்சி வீழ்ந்ததற்குப் பொறுப்பு யாருடையது? நாட்டு வழக்கும் பாடலும் இருவரைப் பெயர் சொல்லிச் சுட்டுகின்றன. ஒருவர் வுகாஷின், மற்றவர் வூக் பிராங்கோவிச். முன்னவர் இளம் பேரரசரைக் கொன்றவர் என்பதும், பின்னவர் போர்க்களத்தில் மாமனாரைக் காட்டிக் கொடுத்தவர் என்பதும் வழக்கு. இத்தீர்ப்பு நேரியதா? நேரியது அன்று எனின், அதனைச் சுமந்து வரும் பாடல்களின் மதிப்பு என்ன? இவ்விரண்டு வினாக்களும் செர்பியருக்கு மட்டும் உரியன அல்ல; இலக்கியத்தைக் கொண்டு வரலாறு கற்பிக்கும் எவருக்கும் உரியன.

மைந்தர் எழுதிய தந்தை வரலாறு

முதலில் ஏற்றத்தைக் காண்போம். ஸ்டெபான் நெமானியா தம் அண்ணன் திகோமிரை வென்று தலைமையைப் பெற்றவர். ‘பெருந்தலைவர்’ என்பதே அவரது பட்டம். பைசாந்தியப் பேரரசின் பிடி தளர்ந்த வேளையெல்லாம் நாட்டை விரித்தார். ஸ்டூடெனிட்சா மடத்தைக் கட்டினார். 1196இல் ஆட்சியை நடு மகன் ஸ்டெபானிடம் ஒப்படைத்துத் துறவு பூண்டார். இளைய மகன் முன்னரே கிரேக்க நாட்டின் அத்தோஸ் மலையில் சாவா என்னும் பெயருடன் துறவியாகி இருந்தார். தந்தையும் மகனும் 1198இல் அங்கே ஹிலாந்தார் மடத்தைச் செர்பியருக்கென நிறுவினர்.

பின்னர் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. 1217இல் ஸ்டெபான் ரோமாபுரிப் போப்பாண்டவரிடமிருந்து முடி பெற்று முதல் மன்னரானார். 1219இல் சாவா, நிக்கேயாவில் தங்கியிருந்த கிரேக்கத் தலைமைக் குருவிடம் உரிமை பெற்றுத் தன்னாட்சியுள்ள செர்பியத் திருச்சபையின் முதற் பேராயரானார். ஒரு வீட்டின் இரு மைந்தருள் ஒருவர் அரசையும் மற்றவர் சமயத்தையும் தாங்கினர். அம்மரபின் வலிமைக்கு வேர் இதுவே.

அவ்விருவருமே தந்தையின் வரலாற்றை எழுதினர் என்பது இலக்கியம் கற்பார் நினைவில் கொள்ளத்தக்கது. சாவா எழுதியது ஸ்டூடெனிட்சா மடத்து ஒழுக்க விதிநூலின் ஒரு பகுதி. அதில் பெரிதாய்த் தோன்றுவது தந்தையின் துறவும் இறுதி நாளும். மன்னர் எழுதிய நூலிலோ போரும் வெற்றியும் இறந்தபின் நிகழ்ந்த அற்புதங்களும் இடம்பெறும். ஒரே தந்தையை ஒருவர் மடத்தின் வாயிலில் நின்று பார்த்தார். மற்றவர் அரண்மனை முற்றத்தில் நின்று பார்த்தார். டொமெந்தியான், தெயோடோசியே முதலிய துறவிகளும், பேராயர் இரண்டாம் டானிலோவும் இவ்வழியைத் தொடர்ந்தனர். அடுத்தடுத்து வந்த மன்னர் பலர் புனிதராகவே எழுதப்பட்டனர்.

இவ்வெழுத்தின் நோக்கத்தைக் காட்டும் ஓவியமும் உண்டு. கிராச்சனிட்சா, டெச்சானி ஆகிய கோயில்களின் சுவர்களில் நெமானியாவின் வழியினர் ஒரு கொடியில் படர்ந்த கிளைகளாகத் தீட்டப்பட்டுள்ளனர். அடியில் நெமானியா, மேலே ஆளும் மன்னர், இடையே வரிசையாய் முன்னோர். இயேசுவின் முன்னோரைக் காட்டும் சமய ஓவியத்தின் அமைப்பே இங்கு அரச குடும்பத்துக்கு வந்துள்ளது. இக்குடும்பம் இறைவன் நட்ட கொடி; இதை வெட்டுவோன் இறைவனுக்குப் பகைவன். நூலும் ஓவியமும் உரைத்தது இதனையே.

கொடியில் இருந்த வெட்டுகள்

சுவரில் கொடி ஒழுங்காய்ப் படர்கிறது. நாட்டில் அவ்வாறு படரவில்லை. நெமானியா துறவு பூண்ட சில ஆண்டுகளுக்குள் மூத்த மகன் வுக்கான், தம்பி ஸ்டெபானை விரட்டிவிட்டு ஆட்சியைப் பற்றினார், பின்னர் இழந்தார். ஸ்டெபானின் மகன் ராடொஸ்லாவை நீக்கித் தம்பி விளாடிஸ்லாவ் வந்தார். 1243இல் அவரை நீக்கி மற்றொரு தம்பி முதலாம் உரோஷ் வந்தார். 1276இல் உரோஷைச் சொந்த மகன் திராகுட்டினே வீழ்த்தினார். 1282இல் திராகுட்டின் தம்பி மிலுட்டினுக்கு இடம் விட்டார். மிலுட்டின் தம்மை எதிர்த்த மகன் ஸ்டெபானின் கண்ணைக் குருடாக்க ஆணையிட்டுக் கான்ஸ்டாண்டினோபிளுக்கு அனுப்பினார். அம்மகன் தந்தை இறந்தபின், புனித நிக்கோலாவின் அருளால் பார்வை மீண்டது என்று கூறி அரியணை ஏறினார். டெச்சானிக் கோயிலைக் கட்டியவர் அவரே. அதனால் டெச்சான்ஸ்கி எனப் பெயர் பெற்றார். 1331இல் அவரை வீழ்த்திச் சிறையிட்டார் அவர் மகன் துஷான். அவ்வாண்டிலேயே டெச்சான்ஸ்கி சிறைக்கோட்டையில் உயிர் நீத்தார்.

அரியணைக்கு உரியவர் யார் என்பதற்கு உறுதியான விதி அம்மரபில் நிலைபெறவில்லை. வலியவன் எடுத்துக்கொண்டான், எடுத்துக்கொண்டபின் புனிதக் கொடியில் தன் உருவத்தையும் தீட்டுவித்தான். துறவியர் எழுதிய நூல்கள் இதனை முற்றும் மறைத்தன என்று கூறுவது பொருந்தாது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டெச்சானி மடத்துத் தலைவராயிருந்த கிரிகோரி சாம்பிளாக், டெச்சான்ஸ்கியைத் துன்புற்று மாண்ட தியாகியாகவே எழுதினார். மகனின் குற்றம் அந்நூலில் மறைக்கப்படவில்லை. ஆயினும் அது பல்லாண்டுகள் கழிந்து, மரபே இல்லாது போன பின்னர் வந்த நூல். மரபு வாழ்ந்த காலத்தில் எழுதுகோல் அரியணையின் பக்கமே சாய்ந்தது.

பேரரசும் அதன் பிளவும்

துஷான் ஆற்றல் மிக்கவர். பைசாந்தியத்தின் உள்நாட்டுப் போரைப் பயன்படுத்திக் கொண்டு மாசிடோனியா, அல்பேனியா, எபிரஸ், தெசாலி ஆகிய பகுதிகளைத் தம் ஆட்சியில் சேர்த்தார். 1346இல் ஸ்கோப்யே நகரில் பேரரசராக முடி சூடினார். 1349இல் சட்டத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டு, 1354இல் விரிவாக்கினார். பேரரசர் சினத்தாலோ அன்பாலோ ஒருவருக்குத் தரும் ஆணை ஓலை சட்டத்துக்கு முரணாக இருந்தால் நீதிபதிகள் அதனை ஏற்கலாகாது என்பது அத்தொகுப்பின் ஒரு விதி. தந்தையைச் சிறையிட்டு வந்த மன்னரே தம் ஆணைக்கு மேலே சட்டத்தை வைத்தார் என்பது வியப்புக்குரியது.

1355இல் துஷான் இறந்தார். அதற்கு முந்திய ஆண்டில்தான் ஒட்டோமன் துருக்கியர் கலிப்பொலியைப் பிடித்து ஐரோப்பாவில் காலூன்றியிருந்தனர். துஷானின் மகன் ஐந்தாம் உரோஷ் இளைஞர்; ‘வலியற்றவர்’ என்னும் அடைமொழியே வரலாற்றில் அவருக்கு வாய்த்தது. 1356இல் துஷானின் தம்பி முறையினரான சிமியோன் தாமே பேரரசர் என்றார். சீட்டாப் பகுதி பால்ஷிச் குடும்பத்தார் கைக்குப் போயிற்று. மாசிடோனியாவில் வுகாஷினும் அவர் தம்பி உக்லியேஷாவும், மொராவா ஆற்றுப் பகுதியில் லாஸாரும், கொசோவோப் பகுதியில் பிராங்கோவிச்சும் தத்தம் பகுதியைத் தாமே ஆண்டனர். ஒன்பது ஆண்டுப் பேரரசு ஒருவர் கையின் வலிமையால் சேர்ந்தது. அக்கை போனதும் பிரிந்தது. தனியொருவர் துரோகத்தைத் தேட வேண்டிய தேவையே இங்கு இல்லை.

குருடியின் பாட்டும் கராஜிச்சின் ஏடும்

இனி வீழ்ச்சியைப் பாடிய இலக்கியத்துக்கு வருவோம். குஸ்லே என்னும் ஒற்றை நரம்பு இசைக்கருவியை மீட்டிப் பாடுவது செர்பியர் வழக்கம். அடிதோறும் பத்து அசை. நான்காம் அசையின் முடிவில் ஒரு நிறுத்தம். தமிழ் யாப்பின் நேரும் நிரையும் அன்று இவ்வசை. உயிரொலியின் எண்ணிக்கையே கணக்கு. பாடகருள் கண்பார்வை அற்றோர் பலர். வூக் கராஜிச் (1787–1864) இப்பாடல்களைத் தொகுத்தார். முதல் தொகுதி 1814இல் வியன்னாவில் அச்சாயிற்று. ஜெர்மானிய அறிஞர் யாக்கோப் கிரிம் இவற்றைப் போற்றி ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தார். தொகுத்தவர் பாடகர் பலரின் பெயரும் ஊரும் குறித்து வைத்தமை பெரும் நன்மை.

பாடல்கள் வரலாற்றை எவ்வாறு மாற்றுகின்றன என்பதற்கு ‘புனித சாவா’ என்னும் சிறு பாடலே போதிய சான்று. கிராச்சனிட்சாக் கோயிலருகே கூடிய பெருமக்கள், நெமானியாவின் ஏழு கோபுரச் செல்வம் எங்கே போயிற்று என்று வினவுகின்றனர். சாவா எழுந்து, அது மடங்கள் கட்டவும் அறம் செய்யவும் செலவாயிற்று என விடை கூறுகிறார். சாவா 1236இல் மறைந்தவர். கிராச்சனிட்சாவைக் கட்டியவர் அவருக்குப் பின் இரண்டாம் தலைமுறையினரான மிலுட்டின். நெமானியாவைப் பேரரசர் என்றும் பாடல் அழைக்கிறது. அவர் மன்னர் பட்டமும் பெற்றவரல்லர். எனினும் இப்பிழைகளால் யாருக்கும் தீங்கு இல்லை. செல்வம் அழிந்தது, கோயில்கள் நின்றன என்னும் உண்மையைப் பாடல் சரியாகவே கூறுகிறது.

ஆகவே பாடலில் ஆண்டுக் கணக்குப் பார்ப்பது திறனாய்வு ஆகாது. ஆனால் பெயர் கூறி ஒருவர் மீது கொலையோ துரோகமோ சுமத்தும்போது நிலை வேறாகிறது. அங்கே பாடல் நீதிமன்றத்தில் ஏறி நிற்கிறது. சான்று கேட்பது முறையே.

தாயின் சொல்

‘உரோஷும் மிருன்யாவ்ச்செவிச் குடும்பமும்’ என்னும் பாடல் இவ்வகையில் முதன்மையானது. துஷான் இறந்தபின் கொசோவோ வெளியில் நான்கு பாசறைகள். மன்னர் வுகாஷின், அவர் தம்பியர் இருவர், இளம் உரோஷ் ஆகிய நால்வரும் பேரரசு யாருக்கு என்று சச்சரவிடுகின்றனர். முடிவு கூறும் பொறுப்பு வுகாஷினின் மகன் மார்க்கோவிடம் வருகிறது. புறப்படும் மார்க்கோவுக்குத் தாய் யெவ்ரோசிமா அறிவுரை சொல்கிறாள்: தந்தைக்காகவும் பொய் சொல்லாதே, சிற்றப்பன்மாருக்காகவும் பொய் சொல்லாதே, உயிர் போயினும் போகட்டும், ஆன்மாவில் பழி படலாகாது. மார்க்கோ அவ்வாறே, பேரரசு தந்தை வழி மகனுக்கு, உரோஷுக்கே உரியது என்று தீர்ப்பளிக்கிறான். வெகுண்ட தந்தை வாளுடன் துரத்துகிறார். மகன் கோயிலுள் புகுந்து தப்புகிறான். உனக்குக் கல்லறை இல்லாது போக, மகப்பேறு இல்லாது போக, துருக்கிய வேந்தனுக்கு நீ ஏவல் செய்க என்று தந்தை சபிக்கிறார், உரோஷ் வாழ்த்துகிறார்.

கதையமைப்பின் நுட்பம் பெரிது. மார்க்கோ துருக்கியருக்கு அடங்கி ஆண்டதும், 1395இல் ரோவினேப் போரில் துருக்கியப் படையில் நின்றே மாண்டதும் வரலாறு. மக்கள் நேசித்த வீரன் பகைவனின் படையில் ஏன் நின்றான்? பாடல் விடை காண்கிறது: நீதி சொன்னதால் தந்தையின் சாபம் பெற்றான், அச்சாபத்தால் நின்றான். அவன் இழிவையே அவன் அறத்தின் விலையாக்கிய கற்பனை இது. உலக நாட்டுப்பாடல்களில் இதற்கு ஒப்பானவை மிகச் சிலவே. அதிகாரத்தின் ஆணைக்கு மேலே சட்டம் என்ற துஷானின் விதி ஏட்டில் கிடந்தது. ஏடறியாத பாடகன் அதே கருத்தை ஒரு தாயின் வாயில் வைத்துவிட்டான்.

ஆனால் அதன் விலையாக வுகாஷின் கொடியவராகிறார். 1365இல் அவரை உடன் ஆளும் மன்னராக ஏற்றவர் உரோஷே. ப்ஸாச்சாக் கோயில் சுவரில் இருவரும் அருகருகே தீட்டப்பட்டுள்ளனர். நாட்டு வழக்கு இன்னும் ஒரு படி மேலே சென்று, வுகாஷின் உரோஷைக் கொன்றார் என்றது; 1642இல் முதுபெரும் பேராயர் பாய்சியே எழுதிய உரோஷ் வரலாற்றிலும் அது ஏறிற்று. ஆண்டும் திங்களும் கூறுவது வேறு. 1371 செப்டம்பர் 26ஆம் நாள், துருக்கியரை எதிர்த்து மரித்சா ஆற்றங்கரையில் நடந்த போரில் வுகாஷினும் உக்லியேஷாவும் மாண்டனர். உரோஷ் இறந்தது அவ்வாண்டு டிசம்பரில். இறந்தவர் எழுந்து வந்து கொல்லுதல் இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலாரியோன் ருவாராட்ஸ் என்னும் செர்பியத் துறவி அறிஞர் இதனை எடுத்துக்காட்டியபோது எதிர்ப்பு எழுந்தது. நாட்டைக் காக்கப் போரிட்டு மாண்டவர் கொலைகாரர் என ஏசப்பட்டு வந்தார் என்பதை ஏற்க மனம் ஒப்பாதவர் இருந்தனர்.

ஒரு பாடலில் இரு காரணங்கள்

நெமானிய மரபு 1371இல் முடிந்தது. எனினும் மக்கள் நினைவில் பேரரசு வீழ்ந்த நாள் 1389 ஜூன் 15, கொசோவோப் போர் நாள். லாஸார் பேரரசர் அல்லர். பாடல் அவரைப் பேரரசர் என்றே கூறும். அவர் மனைவி மிலிட்சா நெமானியாவின் மகன் வுக்கானின் வழியினள் என்பதால் பழைய மரபின் ஒளி அவர் மீதும் விழுந்தது.

‘செர்பியப் பேரரசின் அழிவு’ என்னும் பாடல் கிருகுரெவ்ச்சி என்னும் ஊரினளான கண்ணற்ற பெண்ணொருத்தி பாடியது. எருசலேமிலிருந்து ஒரு வல்லூறு பறந்து வருகிறது. அது வல்லூறு அன்று, புனித எலியா. கொண்டு வந்த ஓலை வினவுகிறது: விண்ணரசு வேண்டுமா, மண்ணரசு வேண்டுமா? மண்ணரசு சிறிது காலம், விண்ணரசு என்றும் உள்ளது என்று லாஸார் விண்ணரசைத் தேர்கிறார். படையினர் திருவிருந்து கொள்கின்றனர், களம் புகுகின்றனர், மாள்கின்றனர். இம்மட்டும் பாடல் பேரழகு. ஆனால் முடிவில் திடீரெனக் குரல் மாறுகிறது. லாஸார் வென்றிருப்பார், பிராங்கோவிச் மாமனைக் காட்டிக் கொடுத்ததால் தோற்றார் என்று அவனைப் பாடல் சபிக்கிறது.

இரண்டு காரணங்களும் ஒருங்கே நிற்க முடியுமா? விண்ணரசைத் தேர்ந்தபோதே தோல்வி உறுதியாயிற்று. உறுதியான தோல்விக்குத் துரோகி எதற்கு? துரோகியால்தான் தோல்வி எனின் லாஸாரின் தேர்வுக்குப் பொருள் என்ன? முதற் பகுதி தோல்வியை ஒரு மனிதரின் பெருமையாக்குகிறது. பிற்பகுதி அதனையே மற்றொரு மனிதரின் சிறுமையாக்குகிறது. பாடலின் தையல் அவ்விடத்தில் பிரிந்து தெரிகிறது.

வரலாற்றில் பிராங்கோவிச் யார்? லாஸாரின் மருமகன், அவர் பக்கமே போரிட்டவர், உயிர் தப்பியவர். அவரைப் பெயர் சுட்டிக் குற்றஞ்சாட்டும் சமகாலச் சான்று இல்லை. லாஸாரின் குடும்பம் துருக்கியருக்கு அடங்கிய பின்னும் அவர் 1392 வரை அடங்கவில்லை. பின்னர் நிலத்தை இழந்து 1397இல் இறந்தார். லாஸாரின் மகன் ஸ்டெபானோ 1396இல் நிக்கோப்போலிஸ் போரில் துருக்கிய வேந்தன் பாயசித்தின் பக்கம் நின்று போரிட்டார். லாஸாரின் மகள் ஒலிவேரா அவ்வேந்தனுக்கே மனைவியானாள். அடங்க மறுத்தவர் துரோகி. அடங்கியவரின் வீடு புனித வீடு. பிராங்கோவிச்சின் பெயரைத் துரோகத்தோடு இணைத்து அச்சேற்றியது 1601இல் வெளிவந்த மாவ்ரோ ஓர்பினியின் இத்தாலிய நூல்; போர் முடிந்து இருநூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்.

போருக்கு அணித்தான சொல் வேறு வகையினது. மரித்சாப் போரில் மாண்ட உக்லியேஷாவின் கைம்பெண் யெபிமியா துறவியாகி, லாஸார் குடும்பத்தின் நிழலில் வாழ்ந்தாள். 1402இல் லாஸாரின் உடலைப் போர்த்தும் பட்டில் பொன்னிழையால் ஒரு புகழுரையைத் தைத்தாள். அதில் பிராங்கோவிச்சின் பெயர் இல்லை. இருப்பது இறந்தவரிடம் ஒரு மன்றாட்டு: உம் மைந்தரைக் காத்தருளும். தன் கணவனையும் மகனையும் இழந்தவள் பிறர் மைந்தருக்காக வேண்டுகிறாள். பழிக்கு ஆள் தேடவில்லை.

பழியற்ற பாடல்

பாடகர்களிடத்தும் அந்த மனம் இல்லாமல் இல்லை. ‘யூகோவிச் தாயின் மரணம்’ என்னும் பாடலில் ஒன்பது மைந்தரையும் கணவனையும் கொசோவோவில் இழந்த தாய் அழாமல் நெஞ்சைக் கல்லாக்கிக் கொள்கிறாள். இரண்டு அண்டங்காக்கைகள் இளைய மகனின் துண்டித்த கையை அவள் மடியில் இடுகின்றன. மருமகள் மோதிரத்தைக் கண்டு கணவன் கை என்று அறிகிறாள். தாய் அக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அதனோடு பேசுகிறாள். நெஞ்சம் வெடித்து மாள்கிறாள். தமிழ் இலக்கணம் கற்றோர் இதனைக் கையறுநிலை என்பர். துரோகி இல்லை, சாபம் இல்லை. ஆயினும், அன்று, இருந்தமையால் அன்றோ, இல்லாமையால்தான் இப்பாடல் அத்தொகுதியில் உயர்ந்து நிற்கிறது.

துரோகி எதற்குத் தேவைப்பட்டான் என்பதும் விளங்காத புதிர் அன்று. அயலார் ஆட்சியில் பல நூற்றாண்டு வாழ்ந்த மக்களுக்கு, நம் முன்னோர் தம்முள் பிரிந்து தோற்றனர் என்பதைவிட, ஒருவன் காட்டிக் கொடுத்தான் என்பது தாங்க எளிது. துறவியின் நூல் குடும்பத்தின் குற்றங்களைப் புனிதத்தால் மூடியது. பாடகனின் பாட்டு அதே குற்றங்களை இரண்டு மனிதர் தலையில் ஏற்றி மற்றவரைக் கழுவியது. தந்தையைச் சிறையிட்ட மகனும், மகனின் கண்ணைக் குருடாக்கிய தந்தையும் இரண்டிலுமே முழு விசாரணைக்கு உட்படவில்லை. பிராங்கோவிச்சின் பெயரோ செர்பியர் வழக்கில் துரோகிக்கு மறுபெயராயிற்று. அவர் மகன் ஜூராஜ் 1427 முதல் நாட்டின் தலைவராகி ஸ்மெதெரெவோக் கோட்டையைக் கட்டினார் என்பதும், இடைக்காலச் செர்பியாவின் கடைசிக் கோட்டையாய் 1459 வரை நின்றது அதுவே என்பதும் அப்பெயரைக் காக்கப் போதவில்லை.

இவ்வாறெல்லாம் கூறுவதால் பாடல்களை ஒதுக்க வேண்டும் என்பது பொருள் அன்று. வகுப்பறையில் பாடலை வைப்போர் பக்கத்தில் ஆண்டுக் குறிப்பையும் வைத்தல் வேண்டும். மாணவன் பாட்டைக் கேட்டு உருகட்டும். பின்னர் 1371 செப்டம்பரையும் டிசம்பரையும் பார்த்து, உருக்கிய பாட்டே ஒருவர்க்கு அநீதி இழைத்ததை உணரட்டும். அவ்வாறு உணர்வதற்கு அளவுகோல் வெளியே தேட வேண்டியதில்லை. உறவினருக்காகவும் பொய் சொல்லாதே என்ற யெவ்ரோசிமாவின் சொல் அப்பாடல்களிலேயே உள்ளது. அச்சொல்லை வுகாஷினுக்கும் பிராங்கோவிச்சுக்கும் சேர்த்துப் பொருத்திப் படிப்பவரே அப்பாடலை முழுமையாகக் கற்றவர் ஆவர்.